வடசென்னையில் மீன், இறால் வளர்ப்பும் மாறிவரும் பருவநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர், மணலி, மீஞ்சூர் வழியாகப் பொன்னேரி, பழவேற்காடு வரையிலும், மேற்கே கொளத்தூர், மாதவரம், புழல் வரையிலும் உள்ள பகுதியை இங்கே வடசென்னை என்று கொள்கிறோம். இதில் ஒரு பெரும்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பூண்டி நீர்த்தேக்கத்தில் திறந்துவிடும் தண்ணீர் எண்ணூரில்தான் கடலில் சேர்கிறது என்பதால் சென்னையையும் திருவள்ளூரையும் பிரித்துப் பேச முடியாது. பண்ணை வைத்திருப்பவர்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள், வீட்டு மாடியில் வண்ண மீன் வளர்ப்பவர்கள், மீன்வளம் படிக்கும் பிள்ளைகள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை.

பருவநிலை மாற்றம் கடலுக்குப் போகிறவர்களைத்தானே பாதிக்கும்? வளர்ப்பவர்களுக்கு என்ன கவலை?

கடல் மீனுக்கு இடம் மாறும் வசதி உண்டு. ஒருகாலத்தில் கேரளக் கரையோரம் மட்டுமே பெருவாரியாகக் கிடைத்த நெய்மத்தி, பிறகு தமிழகக் கரையிலும் ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. கடல் சூடேறியது அதற்கு ஒரு காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பண்ணைக் குட்டையில் இருக்கும் இறால் எங்கே போகும்? ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீருக்குள் நான்கு கரைகளுக்கு நடுவே அது மாட்டிக்கொண்டிருக்கிறது. வெயிலும் மழையும் உப்பும் எது வந்தாலும் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி 2022இல்தான் முதன்முறையாக, பிடித்த மீனைவிட வளர்த்த மீன் அதிகமானது. நீர்வாழ் விலங்கு உற்பத்தியில் 51 சதவீதம் வளர்ப்பிலிருந்து வந்தது. இந்த வளர்ப்பில் இந்தியா உலகில் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. இத்தனை பேருடைய சோறும் பிழைப்பும் இதில் இருக்கும்போது கவலைப்படாமல் எப்படி இருப்பது?

ஒரு பண்ணை எளிதில் பாதிக்கப்படுமா என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்?

மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். அந்த இடத்துக்குப் புயலும் வெள்ளமும் வெப்பமும் எவ்வளவு வருகின்றன, வளர்க்கும் உயிரும் வளர்க்கும் முறையும் அதை எவ்வளவு தாங்கும், அடி விழுந்த பிறகு எழுந்து நிற்க வளர்ப்பவரிடம் என்ன இருக்கிறது.

ஒரே ஓடைக்கரையில் இரண்டு பண்ணைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே மழைதான் பெய்கிறது. ஒருவருக்குச் சொந்த நிலம், உயர்த்திய கரை, ஜெனரேட்டர், வங்கிக் கடன், காப்பீடு எல்லாம் உண்டு. இன்னொருவர் வாய்மொழிக் குத்தகைக்காரர். தீவனம் கடனில் வந்தது, மின்சாரம் போனால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றுவிடும். முன்னவருக்கு அந்த மழையால் ஒரு பருவத்து லாபம் போகும், பின்னவருக்குத் தொழிலே போகும். மழையின் அளவைப் பேசுகிற அளவுக்கு இந்த மூன்றாவது விஷயத்தை நாம் பேசுவதில்லை. வடசென்னையில் நடக்கும் இழப்புகளில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சூடு கூடினால் இறால் வேகமாக வளருமே, நல்லதுதானே?

ஓரளவு வரைக்கும் உண்மை. இப்போது பெரும்பாலானோர் வளர்க்கும் வனாமி இறாலுக்கு 28 முதல் 32 டிகிரி வரை ஏற்ற வெப்பம். அதற்குள் சூடு கூடினால் தீனி நன்றாக எடுக்கும், எடை ஏறும். 33-ஐத் தாண்டியதும் கதை மாறிவிடும்.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது. நன்னீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகும், 35 டிகிரியில் 6.9 ஆகும். உப்பு நீரில் இன்னும் குறைவு. அதே நேரத்தில் சூட்டில் இறாலின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரவு குறையும்போதே செலவு கூடுகிறது.

அம்மோனியாவும் இப்படித்தான். கழிவும் மிஞ்சிய தீவனமும் அழுகி வரும் அம்மோனியாவில் ஒரு பகுதிதான் கொடிய நச்சு. பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8 உள்ள நன்னீரில் 25 டிகிரியில் அந்தப் பகுதி சுமார் 5 சதவீதம். 32 டிகிரியில் 8 சதவீதத்தைத் தாண்டிவிடும். பிஎச் 9-க்குப் போய்விட்டால் ஏறக்குறைய பாதியே நச்சாகிறது. கத்திரி வெயிலில் பாசி மண்டிய குட்டைகளில் பிற்பகல் பிஎச் அப்படி ஏறுவது உண்டு. வெயில் நாளில் தீவனத்தைக் குறையுங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

விடியற்காலையில் இறால் கரையோரம் வந்து ஒதுங்குகிறது. என்ன செய்வது?

முதலில் ஏரேட்டரைப் போடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். பகலில் பாசி ஆக்சிஜன் விடும். இரவு முழுக்க பாசி, இறால், அடிச்சேறு எல்லாம் சேர்ந்து அதை இழுக்கும். அதனால் அதிகாலை நான்கு மணி முதல் சூரியன் கிளம்பும் வரை ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் தவிக்கத் தொடங்கும்.

டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். நலமான இறால் வெளிச்சம் பட்டதும் சட்டென்று துள்ளி ஆழத்துக்குப் போகும். மூச்சுக்குத் தவிக்கும் இறால் கண்கள் மின்ன, மீசை நீரின் மேல்மட்டத்தில் படர, நகராமல் கரையை ஒட்டியே நிற்கும். தீவனத் தட்டைத் தூக்கினால் நேற்று மாலை போட்டது அப்படியே ஊறிக் கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முதுகோடு ஓடும் குடல் கோடு வெறுமையாகவோ அறுந்து அறுந்தோ இருக்கும். அன்று காலைத் தீவனத்தை நிறுத்திவிடுங்கள். அடிச்சேற்றைக் கலக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை இப்படி நடந்தால் அது அந்த நாளின் வானிலைக் கோளாறு. வாரம் இருமுறை நடந்தால் குட்டை தாங்குவதற்கு மேல் குஞ்சு விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். சூடேறும் கோடைகளுக்கு, சென்ற தலைமுறை விட்ட எண்ணிக்கை பொருந்தாது.

ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையால் குட்டையில் என்ன நடக்கிறது?

சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவது புதிதில்லை. அது சில நாட்களுக்குள் சுருங்கி, மொத்தமாக விழுவதுதான் தொல்லை. 2015 டிசம்பர் 1, 2இல் ஒரே நாளில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. 30 செ.மீ. மழை என்றால் ஓர் ஏக்கர் குட்டையின் மேல் மட்டும் 12 லட்சம் லிட்டர் நன்னீர் விழுகிறது.

ஒன்றரை மீட்டர் ஆழக் குட்டையில் உப்பு 15 பிபிடி (ஆயிரத்தில் 15 பங்கு) இருந்தால், முழுக்கக் கலந்தாலும் 12.5-க்குத்தான் இறங்கும். அதை வனாமி தாங்கிக்கொள்ளும். ஆனால் மழைநீர் உடனே கலப்பதில்லை. எடை குறைந்த நன்னீர் மேலே போர்வையாகப் படுத்துக்கொள்ள, கீழே உப்பு நீர் காற்றுப் படாமல் அடைபடுகிறது. மேகமூட்டத்தில் பாசிக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. இரண்டு மூன்று நாளில் பாசி மொத்தமாகச் செத்து, பச்சையாக இருந்த தண்ணீர் தெளிந்துவிடுகிறது. அந்தத் தெளிவைப் பார்த்துச் சிலர் நிம்மதி அடைகிறார்கள். மிகவும் பயப்பட வேண்டிய நேரம் அதுதான். செத்த பாசி அழுகி ஆக்சிஜனைக் குடிக்கும். உப்பும் பிஎச்சும் சட்டென்று இறங்கியதால் இறால்கள் ஒன்றாகச் சட்டை உரிக்கும், அதாவது பழைய ஓட்டைக் கழற்றும். ஓடு இறுகச் சுண்ணாம்புச் சத்து போதாமல் மெத்தென்று கிடக்கும் இறாலை மற்றவை தின்றுவிடும்.

மதகில் மேல்மட்டத் தண்ணீர் மட்டும் வழியும்படி பலகையை இறக்கி வைப்பது, மழைக்கு முன்னும் பின்னும் கரைகளில் டோலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பு இடுவது, ஏரேட்டரை இடைவிடாமல் ஓட்டி மேல்நீரையும் கீழ்நீரையும் கலப்பது ஆகியவை பழகிய வழிகள். எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியபோது கம்பங்கள் சாய்ந்து பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டீசல் இருப்பு இல்லாத ஜெனரேட்டரால் அப்போது ஒரு பயனும் இருக்காது.

வெள்ளைப் புள்ளி நோய் மழைக்காலத்தில் ஏன் அதிகம் வருகிறது?

1990களின் நடுவில் இந்தியாவுக்குள் வந்த இந்த வைரஸ்தான் கருப்புப் புலி இறால் வளர்ப்பை முறித்துப் போட்டது. 2009இல் வனாமிக்கு அனுமதி கிடைத்ததற்கு அந்த இழப்பும் ஒரு காரணம். தண்ணீர் 32, 33 டிகிரியில் இருக்கும்போது வைரஸ் பெருகுவது மந்தமாகும். 25 முதல் 28 டிகிரியில் நன்றாகப் பெருகும். மழையில் வெப்பம் சட்டென்று இறங்குவதும், உப்பு மாறுவதும், சட்டை உரிப்பதும் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டால் இறாலுக்கு எதிர்ப்பே இல்லாமல் போகிறது. வெள்ளம் கரையைத் தாண்டினால் நண்டும் ஓடை இறாலும் நோயைக் குட்டைக்குக் குட்டை கொண்டுசெல்லும்.

கோடையில் வைரஸ் அடங்கினாலும் விப்ரியோ பாக்டீரியா தலைதூக்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நோய் என்று ஆகிவிட்டது. செப்டம்பர் கடைசிக்குள் அறுவடை முடியும்படி குஞ்சு விடும் நாளைத் திட்டமிடுவது இன்றைக்கும் செலவில்லாத நல்ல பாதுகாப்பு. தீபாவளி விலைக்காக அக்டோபர் கடைசி வரை இழுப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

முகத்துவாரம் அடைபடுவதற்கும் பண்ணைக்கும் என்ன தொடர்பு?

எல்லாத் தொடர்பும் உண்டு. வடசென்னையின் மீன் வளர்ப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல அனுமதித்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பழவேற்காடு ஏரி சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறு இங்கே வந்து சேர்கிறது. தெற்கே கொசஸ்தலையாறு எண்ணூர் கழிமுகத்தில் கடல் சேர்கிறது. இரண்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிதில்லை. பௌர்ணமி, அமாவாசையில்கூட ஒரு மீட்டர் அளவுதான். அந்தச் சிறு ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் ஏரியும் கழியும் மூச்சு விடுகின்றன. கடலோடு சேரும் முகத்துவாரத்தில் கொஞ்சம் மணல் சேர்ந்தாலும் போதும், நீர் உள்ளே வருவதும் வெளியே போவதும் நின்றுவிடும்.

நின்றதும் நடப்பது என்ன? கோடையில் ஆவியாகி ஆவியாகி உப்பு கடலைவிட அதிகமாகிறது. ஆழமில்லாத நீர் சூடேறுகிறது. பண்ணைக்கு உள்ளே எடுக்க நல்ல தண்ணீர் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் பூண்டியிலிருந்தும் ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணையிலிருந்தும் வரும் வெள்ளம் வெளியேற வழியின்றித் தேங்கி, கரைகளை உடைக்கிறது. பெய்த மழை ஒன்றுதான். வாய் திறந்திருந்தால் வெள்ளம் ஓரிரு நாளில் வடியும். அடைபட்டிருந்தால் வாரக்கணக்கில் நிற்கும். அந்த நாட்கள்தான் பண்ணையின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

மணல் ஏன் சேர்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் இயற்கை. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது திரும்புகிறது. மீதிக் காரணம் நாம் செய்தது. சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்தது. இப்போது காட்டுப்பள்ளி வரை துறைமுகச் சுவர்கள் நீள்கின்றன. மேலே இருந்து வரும் ஆற்று நீர் அணைகளில் நின்றுவிடுவதால் மணலைத் தள்ள வேகமும் இல்லை. கழியின் ஓரத்து உப்பளங்களும் சதுப்பும் மண் கொட்டி மேடாக்கப்பட்டதில், வெள்ளம் விரிந்து படுக்க இருந்த இடமும் சுருங்கிவிட்டது.

வெள்ளம் வந்த பிறகு ஜேசிபி வைத்து வாயை வெட்டுவது ஊரார் கைக்காசில் செய்யும் அவசர வைத்தியம். செப்டம்பரிலேயே, மழைக்கு முன்பே ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். பருவநிலையை மீஞ்சூரில் உட்கார்ந்து நாம் மாற்ற முடியாது. முகத்துவாரத்தைத் திறந்து வைக்க நிச்சயம் முடியும்.

எண்ணூரில் மீன் செத்து மிதந்தால் அது பருவநிலையாலா, ஆலைக் கழிவாலா?

பெரும்பாலும் இரண்டும் கைகோத்துத்தான் வருகின்றன. அனல் மின் நிலையங்களின் சுடுநீரும் சாம்பலும் பல்லாண்டுகளாகக் கழியில் கலந்திருக்கின்றன. ஏற்கெனவே சூடான, ஆழம் குறைந்த நீரில் ஒரு கடும் வெயில் வாரம் வந்தால் அதைத் தாங்க இடமே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தில் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகமெங்கும் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடி, நாரை என எதையும் விடவில்லை. பெருமழை வந்தது பருவநிலையால் என்றே வைத்துக்கொண்டாலும் எண்ணெய் வந்தது மனிதர்களின் அலட்சியத்தால்.

எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் போடுவது கழிவு விடுபவர்களுக்கு வசதியான சாக்கு. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

காக்கா ஆழி என்கிறார்களே, அது என்ன?

தென்னமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட சிறிய கருஞ்சிப்பி. கப்பல்கள் வழியாக வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். கொசஸ்தலையாற்றுக் கழியிலும் பழவேற்காட்டுப் பக்கமும் அடித்தரையில் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. கால் வைத்தால் மண் தட்டாது, சிப்பிதான் தட்டும். இறால் புதைந்து மேயும் சேறும், மஞ்சா மட்டி வாழும் மணலும் அதன் அடியில் மூச்சுத் திணறுகின்றன. உப்பு எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் இது தாங்கும் என்பதால், தடுமாறும் பருவநிலை நம் சிப்பிகளைவிட இதற்கே சாதகம். பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயம் போனது. தோண்டி எடுப்பதுதான் இப்போதைக்கு வழி. எடுத்ததைக் கரையில் நன்றாகக் காயவிட வேண்டும், மறுபடி நீரில் கொட்டக் கூடாது.

கொளத்தூரில் வண்ண மீன் வளர்க்கிறோம். எங்களுக்கும் இது பொருந்துமா?

நிச்சயமாக. கொளத்தூர் நாட்டிலேயே பெயர்பெற்ற வண்ண மீன் சந்தை. மாதவரம், புழல், பொன்னேரி வரை பல குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், சிமெண்ட் தொட்டியிலும் மண் குட்டையிலும் கப்பி, மோலி, கோல்ட் ஃபிஷ், ஃபைட்டர் என்று வளர்த்துக் கொடுக்கிறார்கள். தொட்டியில் தண்ணீர் குறைவு. அதனால் சூடும் குளிரும் குளத்தைவிட வேகமாக ஏறி இறங்கும். கோல்ட் ஃபிஷ் குளிர்ச்சியை விரும்பும் மீன். மொட்டை மாடியில் மே மாத வெயிலில் அதை முட்டையிட வைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. ஃபைட்டர், கப்பி போன்றவை சூட்டைக் கொஞ்சம் தாங்கும்.

தொட்டிக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் நிழல் வலை கட்டுங்கள். தண்ணீரை ஒட்டி விரித்தால் காற்று ஓடாது. கோடையில் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி வையுங்கள். நீர் மாற்றுவதாக இருந்தால் மாலையில், கால் பங்குக்கு மேல் மாற்றாமல் செய்யுங்கள். உச்சி வெயிலில் குளிர்ந்த போர் தண்ணீரைப் பாய்ச்சினால், சில நாளில் உடலெங்கும் உப்புத் தூவியது போல வெண்புள்ளி நோய் வரும். பெயர் ஒன்றாக இருந்தாலும் இது இறாலின் வைரஸ் நோய் இல்லை. இது ஓர் ஒட்டுண்ணி, உரிய காலத்தில் கவனித்தால் குணமாகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் தொட்டிகள் மூழ்கும்போது தப்பும் டேங்க் கிளீனர் மீன்கள் நம் ஏரிகளில் பெருகி, கரைகளில் வளை தோண்டி, வலைகளைக் கிழிக்கின்றன. அவற்றை வளர்க்கும் தொட்டிகளை உயரமான இடத்தில் வையுங்கள். விற்காததை ஏரியில் விடாதீர்கள்.

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. அதில் மீன் வளர்க்கலாமா?

மீஞ்சூரில் கடல்நீர் உள்ளே புகுந்தது 1960களின் கடைசியிலேயே பதிவானது. நகருக்குக் குடிநீருக்காகவும் ஆலைகளுக்காகவும் ஆழ்குழாய்களில் உறிஞ்சியதன் விலை அது. இன்று உப்பு பத்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வந்திருக்கிறது. கட்லா, ரோகு வளர்த்தவர்களுக்கு இது பின்னடைவு. ஜிலேபி மீன், கொடுவா, பால்மீன் போன்றவை இந்த நீரில் வளரும். ஆனால் உவர்நீரில் பண்ணை வைத்துப் பக்கத்து நெல் வயலில் வடியவிட்டால் அந்த வயல் பாழ். நன்னீர் இன்னும் மிச்சமிருக்கும் ஊருக்குள் உப்பு நீர்ப் பண்ணை வேண்டவே வேண்டாம்.

கடல் மட்டம் உயர்வது உடனடி ஆபத்தா?

வட இந்தியப் பெருங்கடலில் அண்மைப் பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு பண்ணைக்காரர் கண்ணில் இது நேராகத் தெரியாது. புயல் அலையும் பௌர்ணமி ஓதமும் சேரும் நாளில் கரையைத் தாண்டும் அந்தக் கடைசி அங்குலமாகத் தெரியும். புதிதாகக் கரை கட்டுபவர்கள் பழைய வெள்ளக் குறியைவிட உயர்த்திக் கட்டட்டும்.

கடல் அமிலமாவது?

வளிமண்டலக் கரியமில வாயுவைக் கடல் உறிஞ்சுவதால், தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த பிஎச் இப்போது 8.1 அளவில் இருக்கிறது. சிப்பி, மட்டி போன்றவற்றின் இளம் பருவத்துக்கு ஓடு கட்டுவது சிரமமாகும். குட்டையில் ஒரே நாளில் இதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம் நடக்கிறது என்பதால் இறால் பண்ணைக்கு இப்போதைக்கு இது முதல் கவலை ஆகாது.

தீவன விலை ஏறுவதற்கும் பருவநிலைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனம். அதில் கலக்கும் மீன்தூள், பெரும்பாலும் மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களிலிருந்து வருகிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோவால் பெரு நாட்டுக் கடலில் நெத்திலி குறைந்தால் உலகச் சந்தையில் மீன்தூள் விலை ஏறும். பொன்னேரியில் மூட்டை விலையில் அது தெரியும்.

வேறு எதை வளர்த்தால் ஆபத்து குறையும்?

நன்னீர் முதல் கடல்நீர் வரை தாங்கும் கொடுவா ஒரு நல்ல தேர்வு. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் இதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து காட்டியது. 2015இல் பால்மீனிலும் வென்றது. கொடுவாவில் பெரியது சிறியதைத் தின்னும். அடிக்கடி அளவு பார்த்துப் பிரிக்க ஆள் வேண்டும். பால்மீனும் மடவையும் பாசி தின்பவை, தீவனச் செலவு குறைவு, விலையும் குறைவு. பழவேற்காட்டில் நண்டு கொழுக்க வைப்பது இன்னொரு வழி. சட்டை உரித்துச் சதையில்லாமல் இருக்கும் நண்டை மூன்று நான்கு வாரம் தீனி போட்டுத் தேற்றி விற்பது. கையில் இருக்கும் நாட்கள் குறைவதால் புயலில் மாட்டும் வாய்ப்பும் குறைவு. இறாலிலும் குஞ்சுகளை மூடிய நாற்றங்கால் தொட்டியில் சில வாரம் வளர்த்துப் பிறகு குட்டையில் விட்டால் திறந்தவெளி நாட்கள் சுருங்கும்.

ஒரே குட்டையை முழுக்க வனாமிக்கு மட்டும் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். லாபம் அதிகம் என்பது தெரியும். விழும்போது மொத்தமாக விழுவதும் அதில்தான்.

இறால் பண்ணைகளே சுற்றுச்சூழலைக் கெடுக்கின்றன என்கிறார்களே?

அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அலையாத்திக் காட்டை வெட்டிக் குட்டை தோண்டினால், நூற்றாண்டுகளாகச் சேற்றில் சேர்ந்த கரிமம் (கார்பன்) வளிமண்டலத்துக்குப் போகிறது, புயலைத் தடுக்கும் வேலியும் போகிறது. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடுமையான தீர்ப்பு அளித்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. அதன்படி உவர்நீர்ப் பண்ணைகள் பதிவு பெற்றாக வேண்டும். கழிவு நீரைத் தேக்கித் தெளியவைக்காமல் ஓடையில் திறப்பவர் அடுத்த பண்ணைக்கு நோயை அனுப்புகிறார். அதே நீரைத்தான் அவரும் மறுநாள் உள்ளே எடுக்கிறார்.

இந்த இழப்பில் கணக்கில் வராதவர்கள் யார்?

கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள், தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள், பண்ணையில் இரவுக் காவலுக்கு இருப்பவர்கள். குட்டை உடைந்தால் உரிமையாளரின் பெயர் பட்டியலில் வரும். கையால் பிடிப்பவரிடம் பட்டா இல்லை, படகு இல்லை, வலைகூட இல்லை. நிவாரணப் படிவத்தில் அவரை எழுதக் கட்டமே கிடையாது. மீனவர் நிவாரணம் பற்றிப் பேசும் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைக் கேட்டாக வேண்டும். ஏரியோ கழியோ பதினைந்து நாள் நாறிக் கிடந்தால் அந்தப் பதினைந்து நாளும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதில்லை.

காப்பீடு கிடைக்குமா? எப்படித் தயாராக வேண்டும்?

நீண்ட காலம் இறாலுக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் தயங்கின. 2024இல் ஒப்புதல் பெற்ற பிரதமரின் மீன்வள விவசாயிகள் திட்டத்தில், 4 ஹெக்டேர் வரை பண்ணை வைத்திருப்போருக்கு பிரீமியத்தில் 40 சதவீதம் வரை ஊக்கத்தொகை உண்டு. ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் உச்ச வரம்பு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இது சற்று கூடுதல். அடிப்படைக் காப்பீடு இயற்கைச் சீற்றத்துக்கு மட்டும். நோய்க்கும் சேர்த்து வேண்டுமானால் விரிவான காப்பீடு எடுக்க வேண்டும். கையெழுத்திடும் முன் இந்த ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்.

கோரிக்கை தள்ளுபடியாவது பெரும்பாலும் ஆவணம் இல்லாததால்தான். குஞ்சு வாங்கிய ரசீது, தீவன ரசீது, பதிவுச் சான்று, குத்தகை எழுத்து ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஊருக்குள் உறவினர் வீட்டில் வையுங்கள்; பண்ணைக் கொட்டகையில் வைத்தால் வெள்ளத்தோடு போகும். வாரம் ஒருமுறை இறாலின் எடை, உப்பு, பிஎச், காலை ஆக்சிஜன் அளவுகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே குட்டை, கரை, நீர்மட்டம் தெரியும்படி செல்பேசியில் படம் எடுத்து உடனே யாருக்காவது அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரமே சான்றாகும். வெள்ளம் வடிந்ததும் கரையைச் சரிசெய்யும் முன் அதே இடங்களில் நின்று மறுபடி படம் எடுங்கள். பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கும் மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வாருங்கள். வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர்கள் அடுத்த பருவத்துக்குக் குஞ்சு விடும் முன்பே, ஒரு முத்திரைத்தாளில் நிலத்துக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.